ரீஸ் விண்கல் பள்ளம்: கேள்வி பதில்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள ரீஸ் பள்ளத்தைப் பற்றி வந்த கேள்விகளில், ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: படங்களில் வயலும் ஊர்களும்தான் தெரிகின்றன. பள்ளம் எங்கே இருக்கிறது?

பதில்: அந்த வயலும் ஊர்களும் பள்ளத்துக்குள்தான் இருக்கின்றன. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டச் சமவெளி அது. அதற்குள் அமைந்த நோர்ட்லிங்கன் நகரின் புனித ஜார்ஜ் தேவாலயக் கோபுரம் சுமார் 90 மீட்டர் உயரமுள்ளது. அதன்மேல் ஏறி நின்றால், தொலைவில் தாழ்ந்த குன்றுகள் நாற்புறமும் வளைந்து நிற்பது தெரியும். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மோதல் நிகழ்ந்தபின் பள்ளத்தில் ஏரி தேங்கியது. அதில் படிந்த களிமண்ணே பள்ளத்தைப் பெருமளவு தூர்த்துவிட்டது.

கேள்வி: ஐயா, இதை எரிமலை வாய் என்று ஒரு பழைய நூலில் படித்திருக்கிறேன். அந்தக் கருத்து எப்படி மாறியது?

பதில்: அந்த நூலாசிரியரைக் குறைசொல்ல மாட்டேன், அங்குள்ள கல்லைப் பார்த்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஸ்வேவைட் எனப்படும் அந்தக் கல் சாம்பல் நிறமானது, எடுத்த எடுப்பில் எரிமலைச் சாம்பல் இறுகியது போலவே இருக்கும். அருகில் சென்று பார்த்தால், பொடியான சாம்பல்நிறப் பரப்பில் கறுத்த கண்ணாடித் துண்டுகள் தட்டையாக நசுங்கிப் பதிந்திருக்கும். அவற்றின் ஊடே வெளிறிய கிரானைட் சில்லுகளும் கிடக்கும். உருகிய கண்ணாடி இருப்பதால் எரிமலைதான் என்று அறிஞர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். 1904இலேயே ஏர்ன்ஸ்ட் வெர்னர் என்பவர் விண்கல் மோதலாக இருக்கலாம் என்று எழுதினார். ஆனால் அக்கருத்து எடுபடவில்லை.

வழக்கு தீர்ந்தது 1960களின் தொடக்கத்தில்தான். அமெரிக்க நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் ரீஸில் ஸ்வேவைட் மாதிரிகளைச் சேகரித்தார். அவரும் சக நிலவியலாளர் எட்வர்ட் சாவோவும் அவற்றில் கோயசைட் என்ற கனிமம் இருப்பதை 1961இல் அறிவித்தார்கள். நோர்ட்லிங்கன் தேவாலயமே ஸ்வேவைட்டால் கட்டப்பட்டது என்பதால், சான்று பல நூற்றாண்டுகளாக ஊர் நடுவே நின்றிருந்தது என்றும் சொல்லலாம்.

கேள்வி: கோயசைட் இருந்தால் மட்டும் எரிமலை இல்லை என்று எப்படித் தீர்மானிப்பது?

பதில்: கோயசைட்டும் மணலில் காணும் குவார்ட்ஸும் வேதிப்பொருளில் ஒன்றே; அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. கோயசைட்டின் அடுக்கு நெருக்கமானது. அது உருவாக, பூமிக்கடியில் பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் நிலவும் அழுத்தம் வேண்டும். 1953இல் லோரிங் கோஸ் என்ற வேதியியலாளர் அதை ஆய்வகத்தில் உருவாக்கிய பிறகே அப்படியொரு கனிமம் இருக்க முடியும் என்பது தெரிந்தது. எரிமலை வெப்பத்தைத் தரும். தரைமட்டத்துப் பாறைக்கு அவ்வளவு அழுத்தத்தைத் தராது. விநாடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் கல், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அந்த அழுத்தத்தை ஏற்படுத்திவிடும். ஆகவே பள்ளத்தின் வட்ட வடிவத்தைவிட, அதன் கல்லுக்குள் இருக்கும் இந்தச் சிறு படிகங்களையே நான் பெரிய சான்றாகக் கொள்வேன்.

கேள்வி: விழுந்த விண்கல் எங்கே?

பதில்: அதன் விட்டம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். மோதிய வேகத்திலேயே பெரும்பகுதி ஆவியாகிப் போயிற்று. கையில் எடுத்துக் காட்டும்படி துண்டு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அது மோதிய இடத்தின் மேல்மண் உருகி வெகுதூரம் தெறித்தது. செக் நாட்டில் கிடைக்கும் மோல்டவைட் என்ற பச்சைக் கண்ணாடிக்கல் அதுதான். பச்சைக் கல் மோதிரம் அணிபவர்களில் எத்தனை பேருக்கு அது பவேரியா மண் என்று தெரியும்?

கேள்வி: தேவாலயச் சுவரில் வைரம் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, ஆனால் உளியோடு புறப்பட வேண்டாம். பாறையில் இருந்த கிராஃபைட் மோதலின் அழுத்தத்தில் வைரமாக மாறியது; அந்தத் துகள்களைக் காண நுண்ணோக்கி வேண்டும்.

கேள்வி: மகாராஷ்டிரத்தின் லோனாரும் இதே வகையா?

பதில்: இரண்டும் மோதல் பள்ளங்களே. ஆனால் லோனார் 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள எளிய கிண்ணம்; ரீஸின் அளவுக்கு வந்தால் கிண்ணம் நிலைக்காது. அடியில் அமுங்கிய பாறை மேலே எம்பி எழும், ஓரங்கள் உட்சரியும். அதனால்தான் ரீஸில் சமவெளிக்கு உள்ளே இன்னொரு வளையம் உண்டு; ஆழத்தில் கிடந்திருக்க வேண்டிய கிரானைட் அங்கே மேலே கிடக்கிறது. லோனார் எரிமலைக்குழம்பு இறுகிய பசால்ட் பாறையில் குழிந்தது என்பதால், செவ்வாயையும் நிலவையும் ஆராய்பவர்களுக்கு அதுவே நெருங்கிய ஒப்பீடு.

கேள்வி: அப்படியானால் நிலவுக்குச் செல்வோருக்கு ரீஸில் ஏன் பயிற்சி தந்தார்கள்?

பதில்: 1970 ஆகஸ்ட்டில் ஆலன் ஷெப்பர்ட், எட்கர் மிட்செல், யூஜின் செர்னன், ஜோ எங்கிள் ஆகியோர் அங்கே வந்தார்கள். இங்கே கருத வேண்டியது பாறையின் வகையை அல்ல, அது கிடக்கும் விதத்தை. ரீஸின் கற்சுரங்கங்களில் கீழே பல நிறப் பாறைகள் நொறுங்கிக் கலந்த அடுக்கும், அதன்மேல் வெட்டினாற்போல் ஸ்வேவைட் அடுக்கும் இருக்கும். முதலாவது, அதிகம் சூடேறாமல் தரையோடு வாரி எறியப்பட்டது. இரண்டாவது, உருகலும் தூளுமாகச் சூட்டோடு பின்னால் வந்து படிந்தது. நிலவில் எடுக்கும் ஒரு கல் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது, எந்தப் பள்ளம் அதை எறிந்தது என்று அவர்கள் அங்கேயே ஊகித்தாக வேண்டும். அதற்குக் கண்ணைப் பழக்கத்தான் அவர்களை இந்தச் சுரங்கங்களுக்கு அழைத்து வந்தார்கள்.