விளம்பரத்தில் விட்டுப்போன வரிகள்

கணினி கேள்வி - பதில்

கேள்வி: என் மகன் கல்லூரியில் முதல் வருடம். கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். எங்களால் அதிகம் செலவு செய்ய முடியாது. "ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், 500 வாட் பவர் சப்ளை, ஆர்ஜிபி கேபினட்" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். விலை குறைவாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள் அம்மா. விளம்பரத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஐந்து பொருள் சொல்லியிருக்கிறார்கள், ஒன்றுக்குக்கூட முழுப் பெயர் இல்லை. என் மேஜைக்கு ரிப்பேருக்கு வரும் மலிவு பிசிக்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: எந்த இடத்தில் காசைக் குறைத்தார்களோ, பில்லில் அந்த இடத்தில் மாடல் பெயர் இருக்காது.

முதலில் ஐ7. அது இன்டெல் பிராசசரில் ஒரு வரிசையின் பெயர், அவ்வளவுதான். அதன் வயது அதிலிருந்து தெரியாது. 2011-ல் வந்த ஐ7-2600-ம் ஐ7தான், 2013-ல் வந்த ஐ7-4770-ம் ஐ7தான். இரண்டிலும் 4 கோர் (கணக்குப் போடும் மூளைகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்). 2022-ல் வந்த ஐ3-12100எஃப் என்ற சின்ன பிராசசரிலும் அதே 4 கோர், 8 த்ரெட் உண்டு. ஆனால் அதன் ஒவ்வொரு கோரும் பழையதைவிட மிக வேகமானது. கேம் விளையாட இந்த ஐ3 அந்த ஐ7-களைத் தாண்டிவிடும். அதனால் ஐ7-க்கு அடுத்து, சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை. 12100 போல ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு. எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

அடுத்து "4 ஜிபி கிராபிக்ஸ்". இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2014-ல் வந்த ஜிடி 730 கார்டு 4 ஜிபியிலும் விற்றது. 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-ம் 4 ஜிபிதான். முன்னதில் அதிகபட்சம் 384 கோர்கள், பின்னதில் 896. குடோன் எவ்வளவு பெரிது என்று சொல்லிவிட்டு, உள்ளே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று சொல்லாமல் விட்டது போலத்தான் இது. முழுப் பெயர் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: அதே பெயரில் எந்த வகை? ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 2024-ல் வந்த 6 ஜிபி கார்டும் உண்டு. இரண்டாவதில் நினைவகம் மட்டுமல்ல, கோர்களும் குறைவு: 2560-க்குப் பதில் 2304. உங்கள் மகன் புதிய பெரிய கேம்களை விளையாட நினைத்தால், முடிந்தவரை 8 ஜிபி கார்டுக்குப் போங்கள். பிராசசரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

கடைசியாக பவர் சப்ளை. எஸ்எம்பிஎஸ் என்றும் சொல்வோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

போன வருடம் ஒரு மாணவர் தன் பிசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. கேம் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் படக்கென்று அணைந்துவிடும். விற்றவர்களிடம் கேட்டதற்கு, விண்டோஸில் கோளாறு, மறுபடி ஏற்றிப் பாருங்கள் என்றார்களாம். மூன்று முறை ஏற்றியிருக்கிறார். நான் பின்பக்கத்தில் நான்கு திருகுகளைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்தேன். காலி டப்பாவைத் தூக்கினது போல இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 500. பக்கவாட்டு ஸ்டிக்கரில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே 18ஏ, அதாவது 18 ஆம்பியர், என்று போட்டிருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்குங்கள்: 216 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட் வழியில்தான். அவருடைய ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு மட்டும் 132 வாட் வேண்டும். பிராசசர் முழு வேகத்தில் ஓடினால் நூறைத் தாண்டும். பிறகு எப்படித் தாங்கும்?

ஒழுங்கான 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கட்டத்தில் 38-லிருந்து 41 ஆம்பியர் வரை இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் அது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதற்கான அளவுகோல். பாதுகாப்புக்கும் உழைப்புக்கும் அது உத்தரவாதம் இல்லை. நல்ல வேளையாக அந்த மாணவரின் கார்டும் போர்டும் தப்பின. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினோம், சரியாகிவிட்டது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. மோசமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் கடைக்காரருக்கு இப்படி எழுதுங்கள்: பிராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்), ஐந்துக்கும் கம்பெனியும் மாடலும் வேண்டும், ராம் ஒரு ஸ்டிக்கா (ஒரே பட்டையா) இரண்டா, இவ்வளவும் பில்லில் வருமா? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். ஆர்ஜிபி விளக்கு இல்லாத கேபினட் கிடைத்தால் அதையே எடுங்கள், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக மூடாமல் காற்று போக வழி இருந்தால் போதும்.

கேள்வி: ஆர்எக்ஸ் 6600 போட்ட ரெடிமேட் பிசி வாங்கினேன். சாதாரண கேம்கூடத் தடுமாறுகிறது. போலி கார்டைத் தலையில் கட்டிவிட்டார்களா?

இருக்கலாம் தம்பி. ஆனால் அதற்கு முன்னால் கேபினட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது மதர்போர்டின் இணைப்பு. கொஞ்சம் கீழே படுக்கைவாட்டில் தனியாக இரண்டு மூன்று துளைகள் இருக்கும், அதுதான் கார்டு. கேபிளை அங்கே மாற்றுங்கள். இதற்காகவே பிசியைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் உண்டு.

அது சரியாக இருந்தால், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போங்கள். ஸ்பீடும், எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டிருந்தால் பாதி வழியை அடைத்தது போல ஆகிவிடும்; 8 ஜிபி வீதம் இரண்டு இருப்பதே நல்லது. 3200 என்று விற்ற ராம் 2133-லோ 2400-லோ ஓடினால், பயாஸில் (பிசி தொடங்கும்போது நுழையும் செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பியை (ராமைச் சொன்ன வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்யாமலே அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்களே ஆன் செய்யலாம்.

இதெல்லாம் பார்த்தும் தடுமாறினால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓட்டுங்கள். பழைய என்விடியா சிப்பைப் புதிய பெயரில் விற்கும் போலி கார்டுகளை அது 2018-லிருந்தே அடையாளம் காட்டுகிறது. உங்களுடையது ஏஎம்டி கார்டு என்பதால், ஷேடர் (கார்டின் கோர்) எண்ணிக்கை 1792, நினைவகம் 8 ஜிபி என்று வருகிறதா என நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது காசு இல்லை. ரைசன் 5 5600ஜி மட்டும் போட்ட பிசி போதுமா?

வேலரண்ட், மைன்கிராஃப்ட் போன்றவற்றுக்குத் தாராளமாகப் போதும். புதிய பெரிய கேம்களுக்குப் போதாது. இந்தப் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸும் இருக்கிறது, அது ராமைத்தான் பயன்படுத்தும், அதனால் இரண்டு ஸ்டிக் கட்டாயம். அப்புறம், நாளைக்குக் கார்டு போடும் எண்ணம் இருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புது பிசி கொரியரில் வருகிறது. வந்ததும் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

சொருகி ஆன் செய்துவிடாதீர்கள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உள்ளே ஸ்பாஞ்ச் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: அலுவலகங்களில் கழித்துக் கட்டும் பிராண்டட் டெஸ்க்டாப்பை வாங்கி கார்டு போட்டால் மலிவாக முடியுமா?

முடியும். கையில் பணம் மிகக் குறைவு என்பவர்களுக்கு நான் சொல்வதே இதைத்தான். எட்டாம் தலைமுறை ஐ5 அல்லது அதற்கு மேல் உள்ளதாகத் தேடுங்கள். சிக்கல் என்னவென்றால், இவற்றில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனியின் சொந்த அளவில் இருக்கும், கடையில் கிடைப்பது பொருந்தாது. கார்டுக்குத் தனி பவர் வயரும் இருக்காது. ஸ்லாட்டிலிருந்து கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும், அதற்குள் ஓடும் கார்டாகப் பாருங்கள். மேலே சொன்ன 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-க்கு 70 வாட் போதும். நினைவகமும் கோர்களும் குறைவு என்றேனே, அந்த கார்டு இங்கே சரியாக உட்காரும். ஒல்லியான கேபினட் என்றால் அரை உயரத்தில் வரும் கார்டு வேண்டும். ஸ்கேலை எடுத்து உள்ளே உயரத்தையும் நீளத்தையும் அளந்து, குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். குட்டையான பிராக்கெட் (கார்டைக் கேபினட்டில் பொருத்தும் தகடு) பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் கார்டு உள்ளே போகும், கதவு மூடாது.