யெனான்ஜாங் எண்ணெய் வயல்: கேள்வி பதில்

நூறாண்டுக்கு முந்தைய பர்மா எண்ணெய் வயல்களைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். வந்தவற்றில் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பர்மாவில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது வெள்ளைக்காரர்கள்தானே, சார்?

இல்லை. ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள யெனான்ஜாங்கில் 18ஆம் நூற்றாண்டிலேயே எண்ணெய்க் கிணறுகள் நிறைய இருந்தன. கிணறு தோண்டும் உரிமை துவின்சாயோ எனப்படும் 24 குடும்பங்களிடம் பரம்பரையாக இருந்தது. கிளாஸ்கோவில் பர்மா ஆயில் கம்பெனி பிறந்ததே 1886இல்தான்.

கேள்வி: கையால் எண்ணெய்க் கிணறு தோண்ட முடியுமா? வாயு தாக்காதா?

தாக்கும், ஆட்கள் செத்தும் போயிருக்கிறார்கள். கிணறு இரண்டு ஆள் நிற்கும் அகலம்தான். மண் சரியாமல் இருக்க நான்கு பக்கமும் மரச்சட்டம் அடிப்பார்கள். ஆழம் 200, 300 அடி என்று போகும். வாயு இருப்பதால் விளக்குக் கொண்டுபோக முடியாது. மேலே கண்ணாடி பிடித்து வெயிலை உள்ளே திருப்பிவிடுவார்கள். இறங்குகிறவனுக்கு முன்கூட்டியே கண்ணைக் கட்டிவிடுவார்கள்; அடியில் போய்க் கட்டை அவிழ்த்தால் இருட்டு உடனே பழகிவிடும். கண் பழகும்வரை காத்திருக்க அங்கே நேரம் கிடையாது. மூச்சுத் தாங்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் வெட்டிவிட்டு மேலே வந்தாக வேண்டும். அப்புறம்தான் கடலில் மூழ்குகிறவர்கள் அணியும் தலைக்கவசம் வந்தது. மேலிருந்து பம்ப் அடித்துக் காற்று அனுப்பியதால் கூடுதல் நேரம் வேலை செய்ய முடிந்தது. எண்ணெய் வரலாறு என்றாலே கம்பெனி முதலாளிகளின் பெயர்களைத்தான் எழுதுகிறார்கள். இந்த ஆட்களின் திறமையைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன்.

கேள்வி: அண்ணா, கம்பெனி எப்படித் துளையிட்டது? இப்போது போர் போடுகிற மாதிரியா?

ஆரம்பத்தில் அப்படி இல்லை. டெரிக் கோபுரத்திலிருந்து கனமான இரும்பு உளியைக் கயிற்றில் தொங்கவிட்டு, நீராவி எந்திரத்தால் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். பாறை நொறுங்கும். தூளை வாளி போன்ற ஒரு குழாயை இறக்கி அள்ளிவிட்டு, மறுபடியும் அடி. துளை சரியாமலிருக்க இரும்புக் கேசிங் குழாய் இறக்குவார்கள். இந்த வேலைக்கு அமெரிக்காவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். உளியைச் சுழற்றித் துளையிடும் ரோட்டரி முறை பிறகு வந்தது.

கேள்வி: எடுத்த எண்ணெய் எங்கே போனது? எவ்வளவு கிடைத்தது?

முதலில் ஆற்றில் படகுகளில் ரங்கூன் பக்கம் போனது. 1909 வாக்கில், ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருந்த சிரியம் சுத்திகரிப்பு ஆலை வரை ஏறக்குறைய 275 மைல் நீளத்துக்குக் குழாய் போட்டார்கள். முதல் உலகப் போர் தொடங்கும்போது பர்மாவின் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். மண்ணெண்ணெயில் பெரும்பகுதி இந்தியாவில் விற்றது. மெழுகு அதிகமுள்ள எண்ணெய் என்பதால் மெழுகுவர்த்தியும் பெரிய வியாபாரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாரசீகத்தில் (இன்றைய ஈரான்) டார்சி என்ற முதலீட்டாளர் எண்ணெய் தேடியபோது, 1905 முதல் அதற்குப் பணம் போட்டது இதே பர்மா ஆயில் கம்பெனி. 1908 மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டு உருவான ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனிதான் இன்றைய பி.பி. எண்ணெய் நிறுவனம்.

கேள்வி: பழைய படங்களில் கோபுரங்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவே, ஏன்?

துவின்சாக்கள் எனப்படும் கிணற்று உரிமையாளர்களுக்கென்று அரசு ஒதுக்கிய துவிங்கோன், பேமே பகுதிகளின் படங்களாக இருக்கும். அங்கே ஒவ்வொரு கிணற்று மனையும் மிகச் சிறியது. கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு மனைகளை வாங்கின, குத்தகைக்கு எடுத்தன. நிலத்தடி எண்ணெய்க்கு வேலி கிடையாது; நீங்கள் எடுக்காவிட்டால் பக்கத்து மனைக்காரர் உறிஞ்சிவிடுவார். அதனால் எல்லோரும் அவசர அவசரமாகத் துளையிட்டார்கள். மேல் அடுக்குத் தண்ணீரைச் சரியாக அடைக்காத ஒரு துளை போதும், எண்ணெய் இருக்கும் மணல் அடுக்குக்குள் தண்ணீர் இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளையும் கெடுத்துவிடும். இதைக் கட்டுப்படுத்த 1918இல் பர்மா எண்ணெய் வயல் சட்டம் கொண்டுவந்தார்கள். என் பார்வையில் அது பல ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம்.