ஆயிஷா என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? ஏன் இத்தனை பேருக்கு இந்தப் பெயர்?

'உயிரோடு இருப்பவள்', 'வாழ்கிறவள்' என்பதுதான் நேர் அர்த்தம். சில பெயர்ப் பட்டியல்களில் 'நபியின் மனைவி' என்று போட்டிருப்பார்கள், அது அர்த்தம் இல்லை, பெயர் பரவியதற்கான காரணம். அரபியில் 'வாழ்வது' என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. எகிப்தில் ரொட்டியை 'ஐஷ்' என்று சொல்வதும் அதே வேரிலிருந்துதான்.

நபிகள் நாயகத்தின் மனைவி ஆயிஷா, நபியின் நெருங்கிய தோழர் அபூபக்கரின் மகள். வெறும் மனைவி என்று நிறுத்திவிட முடியாது, 2,000-க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் (நபியின் சொல், செயல் பற்றிய பதிவுகள்) அவர் வழியாக வந்தவை, பெரிய பெரிய நபித்தோழர்களே அவரிடம் வந்து சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். அதனால் சுன்னி முஸ்லிம்கள் வாழும் இடமெல்லாம் இந்தப் பெயர் உண்டு. ஷியாக்களிடம் அபூர்வம், ஷியாக்கள் பெரிதும் மதிக்கும், நபியின் மருமகன் அலீயை ஒட்டகப் போர் என்ற உள்நாட்டுப் போரில் எதிர்த்து நின்றவர் என்பதால்.

ஊருக்கு ஊர் உருவம் மாறும்: துருக்கியில் அய்ஷே (அங்கே பாட்டிமார் பலருக்கும் இதே பெயர்), கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆஷா, செனகல் பக்கம் ஐசத்து. குழந்தைக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வையுங்கள், ஆனால் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள். பிறப்புச் சான்றிதழில் எப்படிப் போட்டீர்களோ அதையே பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் போடுங்கள்.