பாப் மார்லியின் ‘கேட்ச் எ ஃபயர்’ ஆல்பத்தை லண்டனில் பாப் இசைப் பூச்சு பூசிக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஜமைக்கா இசையான ரெகேயின் தீவிர ரசிகர் யாரிடமோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வாங்கியவன்தான்.

கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். இந்த ஆல்பத்தை முதலில் கேட்டது, 1973இல் கடைக்கு வந்த லண்டன் மிக்ஸில், அதாவது லண்டனில் ஒலிகளைக் கலந்து முடித்த வடிவத்தில். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மார்லியின் குழுவான வெய்லர்ஸ் பதிவு செய்த டேப்போடு மார்லி லண்டன் போக, ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் அதன்மேல் அலபாமாக்காரர் வெய்ன் பெர்கின்ஸின் கிடாரையும் ராபிட் பண்ட்ரிக்கின் கீபோர்டையும் ஏற்றினார். ராக் கேட்கிற கூட்டம் வாங்க வேண்டும், அதுதான் கணக்கு. ‘கான்கிரீட் ஜங்கிள்’ பாட்டில் அந்த கிடார் அழுதுகொண்டே மேலே ஏறும் இடத்தை நான் மட்டும் நூறு முறை ஓட்டிக் கேட்டிருப்பேன்.

அப்புறம் ஒரு நண்பர் 2001இல் வந்த டீலக்ஸ் பதிப்பைக் கொடுத்தார். பூச்சு இல்லாத ஜமைக்கா மிக்ஸும், லண்டனில் நீக்கிவிட்ட இரண்டு பாட்டுகளும் அதில் உண்டு. “இதுதான் அசல், நீ கேட்டது குப்பை” என்றார். ராத்திரி முழுக்க ஹெட்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

கிடாரும் கீபோர்டும் எதையும் கெடுக்கவில்லை. அவை இல்லாவிட்டால் எனக்கு ரெகேயே வந்து சேர்ந்திருக்காது. இதைச் சொன்னால் ‘உனக்கு ரெகே தெரியாது’ என்று நாலு பேர் வருவார்கள், வரட்டும். எனக்கு வலித்தது வேறு: பேஸைக் குறைத்திருக்கிறார்கள். ஜமைக்கா மிக்ஸில் அது தரையிலிருந்து வருகிறது, லண்டனில் பக்கத்து அறையிலிருந்து.

எங்கள் மேடையிலும் இதே கதைதான். போன மாதம் பெண்ணின் மாமா நேராக மிக்ஸருக்குப் போய், “அந்த டும் டும்மைக் குறைப்பா, பாட்டே கேட்கலை” என்றார். மிக்ஸர் தம்பி என் சேனலைச் சுத்தமாக இறக்கிவிட்டான். ஒன்றரை மணி நேரம் ஊமைப்படம் மாதிரி வாசித்தேன்.

வெய்லர்ஸின் பேஸ் கலைஞர் ஆஸ்டன் பாரெட், ‘ஃபேமிலி மேன்’ என்பார்கள், ராயல்டி கேட்டு லண்டன் நீதிமன்றம் வரை போய் 2006இல் தோற்றார். அவருக்கே அந்தக் கதி. எனக்கு அந்த ரிசப்ஷன் பணத்தில் பாதி இன்னும் வரவில்லை. பாடகருக்கு மட்டும் அன்றைக்கே கவரில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.