அம்மாவோட மெடிக்கல் கார்டை நிறுத்திட்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியே போதும்னு இருந்துடலாமா?

கோலாலம்பூர் செந்தூல்லேருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அம்மாவுக்கு 62 வயசு. பத்து வருஷமா மெடிக்கல் கார்டு (பிரைவேட் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ்) கட்டிட்டு வர்றாங்க, மாசம் 310 வெள்ளி (ரிங்கிட்), இப்ப வந்த லெட்டர்ல 480னு போட்டிருக்கு. நாலு வருஷமா சக்கரை, இப்ப முழங்கால் வலி வேற. பட்டர்வொர்த்ல இருக்குற அண்ணன், "ஒரு வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்குற நாட்டுல இருந்துக்கிட்டு எதுக்குடா இன்சூரன்ஸ்காரனுக்குப் படியளக்குற, நிறுத்துடா"ங்கிறாராம். ஏஜெண்டு, இதை விட்டுட்டு லிமிட் பெருசா உள்ள புது பிளானுக்கு மாத்திக்கலாம்ங்கிறாராம். "ரெண்டு பேருல யார் சொல்றதைக்கா கேக்குறது?"ன்னு முடிச்சிருக்காரு.

தம்பி, ரெண்டு பேரு சொல்றதையும் இப்போதைக்குக் கேக்காதீங்க. அதுலயும் ஏஜெண்டு சொல்றதைக் கண்டிப்பா கேக்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

நான் பிரைவேட் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர்லயும் அப்புறம் கிளைம் பக்கமும் இருபது வருஷத்துக்கு மேல உட்கார்ந்தவ. அதனால நிறைய பேரு நினைக்கிற ஒண்ணை முதல்ல உடைச்சிடுறேன். கார்டு இருந்தா நல்ல வைத்தியம், இல்லன்னா மட்டமான வைத்தியம்னு இல்ல. பிரைவேட்ல ஆபரேஷன் பண்றவர்ல முக்காவாசிப் பேரு கவர்மெண்ட்ல கத்துக்கிட்டு வந்தவங்க தான். பெரிய ஆக்சிடெண்ட், தலையில அடி, குறை மாசக் குழந்தைன்னா பிரைவேட் ஆஸ்பத்திரியே ஆம்புலன்ஸ் ஏத்தி ஜாலான் பகாங் பெரிய ஆஸ்பத்திரிக்கோ பினாங்கு ஜிஎச்சுக்கோ (ரெண்டும் கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரி) அனுப்பி வைக்கிறதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். மாசாமாசம் நீங்க கட்டுற காசுக்குக் கிடைக்கிறது நேரம் தம்பி. இன்னைக்கு ஸ்கேன், நாளைக்கு டாக்டர், அடுத்த வாரம் ஆபரேஷன். அந்த நேரம் உங்க அம்மாவுக்கு எங்க தேவை, எங்க தேவையில்லைன்னு பார்த்தா பதில் தானா வந்துடும்.

சக்கரைக்குத் தேவையே இல்ல. அண்ணன் சொல்றது இந்த இடத்துல நூத்துக்கு நூறு சரி. கிளினிக் கெசிஹாதான்ல, அதாவது கவர்மெண்ட் கிளினிக்ல, நம்ம நாட்டு ஆளுக்கு 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல 5 வெள்ளி, மூணாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளி, 60 தாண்டினவங்களுக்கு அதுலயும் சலுகை உண்டு. ரத்தம் எடுத்து, கண்ணு பார்த்து, காலைப் பார்த்து, மருந்தும் கொடுத்து அனுப்புறாங்க. காலையில போனா மத்தியானம் ஆகும், அது உண்மை தான், ஆனா மைசெஜாத்ரா ஆப்புல டேட் போட்டுட்டுப் போனா முன்ன மாதிரி விடிய விடிய நம்பர் எடுக்க நிக்க வேண்டியதில்ல, அடுத்த மாச மருந்தை போஸ்ட்ல அனுப்பச் சொல்லியும் கேட்டுக்கலாம். இதுல கவனிக்க வேண்டியது, மெடிக்கல் கார்டு பொதுவா வார்டுல படுத்தா தான் வேலை செய்யும். மாசாமாசம் வாங்குற சக்கரை மாத்திரைக்கு அது ஒரு காசு கொடுக்காது. அப்ப பிரைவேட் கிளினிக்ல கையிலேருந்து காசு போட்டு மருந்து வாங்கிக்கிட்டே 480ம் கட்டுறீங்கன்னா ரெண்டு பக்கமும் ஓட்டை.

முழங்கால் தான் சிக்கல். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனா நடக்க விடாத வலிக்கு கவர்மெண்ட்ல வரிசை நீளம். எலும்பு டாக்டரைப் பார்க்க டேட், எக்ஸ்ரே, பிசியோ, அப்புறம் ஆபரேஷன் லிஸ்ட், நடுவுல எமர்ஜென்சி கேஸ் வந்தா உங்க டேட் தள்ளிப் போகும். அதை அநியாயம்னு சொல்ல மாட்டேன், முதல்ல சாகப் போறவனைத் தான் பார்க்கணும். எமர்ஜென்சியிலயே சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு ஜோன் பிரிச்சு வச்சிருக்காங்கல்ல, அதே நியாயம் தான் ஆபரேஷன் லிஸ்ட்டுக்கும். ஆனா பச்சையில உட்கார்ந்திருக்கிறது உங்க அம்மான்னா அந்த நியாயம் கசக்கும். இன்னொண்ணு, செயற்கை மூட்டு மாதிரி சில சாமானுக்கு கவர்மெண்ட்லயும் நாம தான் காசு போடணும், அது ஒரு வெள்ளிக் கணக்குல வராது. அம்மா எஸ்டிஆர் (வருமானம் கம்மியா உள்ளவங்களுக்கு கவர்மெண்ட் கொடுக்குற உதவிக் காசு) வாங்குறவங்களா? அப்ப பெக்கா பி40ன்னு 2019லேருந்து ஒரு திட்டம் இருக்கு, 40 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு இலவச செக்கப், அதோட கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குத் தேவையான சாமானுக்கு 20,000 வெள்ளி வரைக்கும் உதவி. இல்லன்னா ஆஸ்பத்திரியிலயே சோஷியல் வொர்க்கர் ஆபீஸ் இருக்கும், போய்க் கேளுங்க. கேக்குறதுக்கு வெக்கப்பட்டு நகையை அடகு வச்சவங்களை எனக்குத் தெரியும்.

இப்ப 310 எப்படி 480 ஆச்சுன்னு பார்ப்போம். கம்பெனிக்காரன் கொள்ளைன்னு ஒரே வார்த்தையில திட்டிட்டுப் போயிடலாம், ஆனா கதை அதை விடப் பெருசு. பிரைவேட்ல டாக்டர் ஃபீஸுக்கு மட்டும் தான் சட்டத்துல உச்சவரம்பு போட்டிருக்கு, 2006 ரெகுலேஷன்ல 13ஆவது அட்டவணைன்னு பேரு. ரூம், மருந்து, கையுறை, ஊசி, ஆபரேஷன் தியேட்டர் வாடகை இதுக்கெல்லாம் அந்த மாதிரி வரம்பு கிடையாது. நீங்க பில்லை விரிச்சுப் பார்த்தா டாக்டர் வரி சின்னதா இருக்கும், ஆஸ்பத்திரி வரி தான் பக்கம் பக்கமா ஓடும். ரிசெப்ஷன்ல முதல் கேள்வியே "கார்டா, கேஷா?" தானே, கார்டுன்னு சொன்னதும் சில இடத்துல ஒரு ராத்திரி அப்சர்வேஷன் தானா ஒட்டிக்கும். நாமளும் சும்மா இல்ல, "கார்டு இருக்குல்ல டாக்டர், ஃபுல் செக்கப் பண்ணிடுங்க"ன்னு சொல்றவங்க தானே. 2021லேருந்து 2023க்குள்ள கிளைம் செலவு 56 சதவீதம் ஏறிடுச்சு. கம்பெனிங்க 40லேருந்து 70 சதவீதம் வரைக்கும் ஏத்தப் போறோம்னு கிளம்பினதும் பெரிய கூச்சல் கிளம்பி, 2024 டிசம்பர்ல நாட்டோட மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, ஏத்துறதைக் குறைஞ்சது மூணு வருஷத்துக்குப் பரப்பணும், 2026 கடைசி வரைக்கும் பாலிசிக்காரர்ல 80 சதவீதம் பேருக்காவது வருஷத்துக்கு 10 சதவீதத்துக்குக் கீழ தான் ஏறணும்னு சொல்லுச்சு.

"அப்ப எனக்கு எப்படிக்கா 55 சதவீதம்?" அதைத் தான் நீங்க முதல்ல கேக்கணும், என்கிட்ட இல்ல, கம்பெனிகிட்ட. கஸ்டமர் சர்வீஸுக்குப் போன் பண்ணி, இந்த 170 வெள்ளியில எவ்வளவு வயசு ஏறினதால, எவ்வளவு கிளைம் விலைவாசியால, பிரிச்சு எழுத்துல கொடுங்கன்னு கேளுங்க. அந்தப் பத்து சதவீதக் கணக்கு விலைவாசி ஏத்தத்துக்கு தான். வயசு அடுத்த படிக்குப் போறதால ஏறுறது வேற. 60 தாண்டும்போது நிறைய பிளான்ல படி மாறும். அம்மாவோடது இன்வெஸ்ட்மெண்ட் சேர்ந்த பிளானா இருந்தா இன்னொரு சங்கதியும் இருக்கு, நீங்க கட்டுற காசுல வாங்கி உள்ள வச்சிருக்குற முதலீட்டு யூனிட்டுலேருந்து தான் கார்டுக்கான காசை வெட்டிக்குவாங்க, 310ஏ கட்டிட்டுப் போனா இந்த யூனிட் எத்தனை வருஷம் தாங்கும்னு கேளுங்க. சில பேருக்கு 480ங்கிறது கட்டாயமே இல்ல, 80 வயசு வரைக்கும் தாங்கணும்னா கட்டுங்கன்னு சொல்ற கணக்கு. பதில் திருப்தியா இல்லன்னா கம்பெனியோட கம்ப்ளெய்ன் பிரிவு, அப்புறம் 2025 ஜனவரியில ஆரம்பிச்ச நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் (இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற அமைப்பு) வரைக்கும் போகலாம்.

அடுத்து கேக்க வேண்டியது கோ-பேமெண்ட். 2024 செப்டம்பர்லேருந்து கம்பெனிங்க அந்த மாதிரி பிளானும் கொடுத்தாகணும்னு ரூல் வந்துருச்சு, அதாவது பில்லுல குறைஞ்சது 5 சதவீதமோ, முதல் 500 வெள்ளியோ நாம போடணும், பதிலுக்கு மாசக் காசு குறையும். இருக்குற பாலிசிக்குள்ளயே அதுக்கு மாற வழி இருக்கான்னு கேளுங்க, ரூம் லெவலைக் குறைச்சா எவ்வளவு இறங்கும்னும் கேளுங்க. நான்னா முதல் சில ஆயிரம் வெள்ளியை நாங்களே போடுறோம், பெரிய பில்லுக்கு மட்டும் நீ வாங்குற மாதிரி பிளானைத் தான் எடுப்பேன். 480க்கும் 310க்கும் உள்ள வித்தியாசம் வருஷத்துக்கு 2,040 வெள்ளி. ரெண்டு வருஷம் அதைத் தனியா ஒதுக்கினா அந்த முதல் சில ஆயிரம் கையில வந்துருச்சு.

இப்ப ஏஜெண்டு. புது பிளான் போட்டா அவருக்குப் புது கமிஷன், அதுல தப்பு ஒண்ணுமில்ல, அவரும் குடும்பம் நடத்தணும். ஆனா உங்க அம்மாவுக்கு சக்கரை வந்தது பாலிசி எடுத்து ஆறு வருஷம் கழிச்சு. பழைய பாலிசியில அது கவராகும். புதுசுக்குப் போனா அதே சக்கரை ஏற்கெனவே இருந்த வியாதின்னு ஆகிடும், அதோட சேர்ந்து வர்ற கிட்னி, இதயம், கண்ணு எல்லாத்தையும் ஒதுக்கிடுவாங்க, இல்ல கூடக் காசு கேப்பாங்க, இல்ல எடுக்கவே மாட்டாங்க. முழங்காலும் அதே கதை. இதுல 30 நாள் காத்திருப்பு, குறிப்பிட்ட வியாதிகளுக்கு 120 நாள் காத்திருப்புன்னு எல்லாம் மறுபடி முதல்லேருந்து. லிமிட் பத்து லட்சம் வெள்ளின்னு பெருசா போட்டிருக்கும், வாங்க முடியாத பத்து லட்சம்.

சரி, நிறுத்தினா என்ன ஆகும்? நிறுத்துறது பாவம் இல்ல தம்பி. வீட்டு வாடகைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் இடிக்கிற நிலைமையில கார்டைப் பிடிச்சுத் தொங்கச் சொல்ல மாட்டேன். ஆனா நிறுத்துறதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல அம்மாவை கிளினிக் கெசிஹாதான்ல பதிஞ்சு, சக்கரைக்கு அங்கயே பார்க்க ஆரம்பிச்சு, முழங்காலுக்கு அங்கேருந்து ரெஃபரல் லெட்டர் வாங்கி எலும்பு டாக்டர் டேட் கையில வந்ததுக்கப்புறம் தான் கார்டைத் தொடணும். வருஷக்கணக்கா பிரைவேட்லயே பார்த்த ஆளுக்கு கவர்மெண்ட்ல ஃபைலே இருக்காது. நான் பார்த்த மோசமான கேஸெல்லாம் இந்த ஓட்டையில விழுந்தவங்க தான்.

ஒருத்தர், பேரு வேணாம், அப்பாவை நெஞ்சு வலின்னு பக்கத்துல இருந்த பிரைவேட்டுக்குக் கொண்டு வந்தாரு. அவசரத்துக்கு உயிரைக் காப்பாத்த வேண்டியதை எந்த பிரைவேட்டும் செஞ்சே ஆகணும், 1998 சட்டம் அப்படி, செஞ்சாங்க. அதுக்கப்புறம் தான் கார்டு ரெண்டு மாசம் முன்ன லாப்ஸ் ஆனது, அதாவது காலாவதியானது தெரிஞ்சது. ஐசியூவுல நாலாவது நாள் பில்லு 40,000ஐத் தாண்டிருச்சு. "ஜிஎச்சுக்கு மாத்திடுங்க"ன்னு மகன் எங்க கவுண்டர்ல நின்னு அழுதாரு. மாத்தணும்னா அங்க ஐசியூ பெட் காலியா இருக்கணும், அங்கத்த டாக்டர் ஒத்துக்கணும், நோயாளி ஆம்புலன்ஸ் தாங்கணும். ஏழு நாள் ஆச்சு. அந்த ஏழு நாள் பில்லை டைப் பண்ணினது நான். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து எவ்வளவு ஆச்சுன்னு மட்டும் கேட்டுட்டுப் போவாரு.

அதனால கார்டு இருந்தாலும் இல்லாட்டியும், அவசரம் இல்லாத எதுக்கும் பிரைவேட்ல படுக்கிறதுக்கு முன்ன எஸ்டிமேட் கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஐட்டம் ஐட்டமா பில் கேளுங்க. கார்டுல உள்ள லெவலுக்கு மேல ரூம் எடுக்காதீங்க, சில பாலிசியில ரூம் வித்தியாசத்தை மட்டும் இல்ல, மொத்த பில்லுலயே ஒரு பங்கை உங்க தலையில கட்டிடுவாங்க. 2025 மே மாசத்துலேருந்து பிரைவேட் கிளினிக்குல மருந்து விலையை எழுதிப் போடணும்னு சட்டம் இருக்கு, பாருங்க, பார்த்துட்டு வெளியில ஃபார்மசியில விலை கேளுங்க.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ஒரு வெள்ளி வைத்தியம் இருக்கும்போது எதுக்கு இன்சூரன்ஸ்னு அவரு கேக்குறது கொள்கையா சரி. எல்லாருக்கும் வரியிலேருந்து வைத்தியம்ங்கிறது இந்த நாடு செஞ்ச நல்ல காரியங்கள்ல ஒண்ணு, தோட்டத்துல பிறந்த நானெல்லாம் அதுல தான் உயிரோட இருக்கேன். ஆனா அந்த ஒரு வெள்ளி நிஜ விலை இல்ல, மிச்சத்தை வரி தான் போடுது, போடுறது பத்தலைங்கிறதால தான் வரிசை. 2021 ஜூலையில கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நிரந்தர வேலை இல்லாத கான்ட்ராக்ட் டாக்டருங்க கறுப்பு உடுப்புல வெளிநடப்பு பண்ணினது ஞாபகம் இருக்கும். 2023ல நாடாளுமன்றத்துல சுகாதார வெள்ளை அறிக்கை (மருத்துவத் துறையைச் சீர்திருத்துற திட்டம்) வேற நிறைவேறிச்சு, எல்லாரும் தலையாட்டினாங்க, அதுக்கான காசு எங்கேருந்துன்னு வரும்போது தான் பேச்சு நின்னு போகுது. இன்னைக்கும் நாட்டோட மொத்த மருத்துவச் செலவுல மூணுல ஒரு பங்கு ஜனங்க கையிலேருந்து நேரா போகுது. கார்டு கட்ட முடியாம எல்லாரும் ஒரே நேரத்துல ஜிஎச்சுக்குத் திரும்பினா அந்த வரிசையில பின்னாடி நிக்கப் போறது கார்டே எடுக்க முடியாத ஆளு தான். இதை அண்ணன் கூட பொங்கலுக்குப் பேசிக்கலாம், அம்மா முழங்கால் அதுவரைக்கும் காத்திருக்காது.

அவரையும் பாதி போடச் சொல்லுங்களேன், யோசனை மட்டும் சொல்லிட்டு இருந்தா எப்படி. இன்னொரு விஷயம், மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு வருமான வரியில 4,000 வெள்ளி கழிவு உண்டு, ஆனா அது நமக்கு, வீட்டுக்காரிக்கு, பிள்ளைக்கு கட்டினா தான், அம்மா கார்டுக்குக் கட்டுறது அதுல வராது. அம்மாவோட வைத்தியச் செலவுக்கு 8,000 வரைக்கும் தனிக் கழிவு இருக்கு, ரசீதை யாரு வச்சுக்கிறதுன்னு ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கங்க. கடுமையான வியாதின்னா உங்க இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) செஜாத்ரா கணக்குலேருந்து அம்மாவுக்காகவும் எடுக்கலாம், ஆனா அவங்க லிஸ்ட்டுல உள்ள வியாதியா இருக்கணும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ரெண்டு போன் தான். ஒண்ணு கம்பெனிக்கு, அந்த 170ஐப் பிரிச்சுக் கேக்க. இன்னொண்ணு வீட்டுப் பக்கத்து கிளினிக் கெசிஹாதானுக்கு, அம்மாவுக்கு டேட் எடுக்க. போகும்போது அம்மா இப்ப சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் அப்படியே பிளாஸ்டிக் பையோட எடுத்துட்டுப் போங்க, நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிட்டா அதையும் சேர்த்து. கம்பெனிகிட்டேருந்து பதில் எழுத்துல வர்ற வரைக்கும் ஏஜெண்டு ஐபேடை நீட்டினா காப்பி கொடுத்து அனுப்புங்க, கையெழுத்து மட்டும் போடாதீங்க.