பதில்: உயரம் போதவில்லை என்று 16 வயது மகனைக் கால்பந்து அகாடமியில் இருந்து நீக்கிவிட்டார்கள்

வணக்கம் ஐயா. மகன் பூட்ஸைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்து கால்பந்து வீரர் ஜேமி வார்டியின் கதையை அவனிடம் சொல்லிப் பாருங்கள்.

ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப் அவரையும் இதே காரணத்தைச் சொல்லித்தான் 16 வயதில் அனுப்பியது. பிறகு வளர்ந்து சுமார் 5 அடி 10 அங்குலம் ஆனார் என்பது வேறு கதை! அதன்பின் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிறு கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். பகலில் கை கால்களுக்கான மருத்துவத் தாங்குபட்டைகள் (ஸ்ப்ளிண்ட்) செய்யும் தொழிற்சாலையில் வேலை. 2012இல் லெஸ்டர் சிட்டி கிளப் 10 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியபோது வயது 25. முதல் சீசனில் லீக்கில் வெறும் 4 கோல். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். 2015இல் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்துச் சாதனை படைத்தார்; 2016இல் லெஸ்டர் சாம்பியன். 33 வயதில் 23 கோல்களுடன், சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதும் வந்தது.

ஆனால் வார்டி போன்றவர்கள் அபூர்வம். அதனால் படிப்பை விடச் சொல்லாதீர்கள். அவரே வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடினார். அகாடமியை மறந்துவிட்டு, மகனை வாரந்தோறும் முழு ஆட்டம் ஆடவிடும் உள்ளூர் அணியாகப் பாருங்கள். பெரிய பெயருள்ள அணியின் பெஞ்சில் உட்கார வைத்துவிடாதீர்கள். அவன் எந்த இடத்தில் ஆடுகிறான், முன்களத்திலா நடுக்களத்திலா? எழுதுங்கள்.