நியோஷோ என்ற எண்ணெய்க் கப்பலுக்கு என்ன ஆனது?

அமெரிக்கக் கடற்படையின் நியோஷோ 1939-இல் பணியில் சேர்ந்தது. நடுக்கடலில் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்புவதுதான் வேலை.

1941 டிசம்பரில் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய காலையில் அது நின்றது அங்குள்ள ஃபோர்டு தீவின் பெட்ரோல் துறையில். பெரிய போர்க்கப்பல்களுக்கு நடுவே அப்படியொரு கப்பல் தீப்பிடித்திருந்தால்? கேப்டன் ஜான் பிலிப்ஸ் குண்டுமழைக்கிடையே அதை வெளியே ஓட்டிச் சென்றார்.

அப்புறம் 1942 மே 7, பவளக்கடல் போர். ஜப்பானிய உளவு விமானம் அதை விமானந்தாங்கிக் கப்பல் என்று தவறாகச் சொல்ல, விமானங்கள் திரண்டு வந்து தாக்கின. துணைக்கு வந்த சிம்ஸ் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கிவிட்டது. நியோஷோவோ எரிந்தும் மூழ்காமல் நான்கு நாள் மிதந்தது. உடல் கருகியும் நீராவி வால்வுகளை மூடிய நியோஷோ மாலுமி ஆஸ்கார் பீட்டர்சன் பின்னர் இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்கு முழுக்கத் தகுந்தது. மே 11-இல் ஹென்லி என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் 123 பேரை மீட்டு, நியோஷோவை மூழ்கடித்தது.